நான்காவது ஹேங்கர்

பன்னிரண்டு ஹேங்கர்களில் நான்காவது மட்டும் திரும்பியிருந்தது.

அவள் அப்படி மாட்டவில்லை. விற்கப்போகும் வீடுகளை, வாங்க வருபவர்களின் கண்ணுக்கு நிறைவாக ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. படுக்கையறை அலமாரியில் பாதிக்கு மேல் துணி கூடாது, ஹேங்கருக்கு ஹேங்கர் இரண்டு விரல் இடைவெளி, கொக்கி எல்லாம் சுவரைப் பார்த்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கொக்கியை வெளிப்பக்கம் பார்க்க மாட்டுகிற ஒரே ஆள் அக்காதான். "உன் சட்டத்தையெல்லாம் உன் வேலையில வச்சுக்கோ" என்று வம்புக்கென்றே மாட்டுவாள்.

அக்காவைக் காணாமல் எட்டு மாதம். யாருடனோ போய்விட்டாள் என்று மாமா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கட்டினவரே சொல்லும்போது யார் நம்பமாட்டார்கள்? தங்கை நம்பவில்லை. ஒரு துண்டுச் சீட்டாவது கிடைக்காதா என்ற நப்பாசையில்தான், மாமா விற்கப்போகும் இந்த வீட்டை ஒழுங்குபடுத்த ஒப்புக்கொண்டாள்.

கொக்கியைத் திருப்பி வைத்தாள். சாயங்கால வெயில் சாய்ந்திருந்த அந்த அறையில் புதுப் பெயின்ட் வாசனையும் அந்துருண்டை நெடியும், இரண்டுக்கும் அடியில் ஊறப்போட்டு மறந்துபோன துணியின் வீச்சமும் கலந்து வந்தன. கீழே சமையலறையில் மாமா பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் டேப்பை எடுத்தாள். வெளியே ஆழம் நாலடி. உள்ளே இரண்டரை. வீட்டுக்காரர் குறித்துக்கொள்ளட்டும் என்று அளவை உரக்கச் சொல்வது தொழில் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"மாமா, அலமாரி உள்ள ஒன்றரை அடி குறையுது."

பாத்திரச் சத்தம் நின்றது.

சொன்னது என்னவென்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. துணிகளை ஒதுக்கிப் பின்பலகையைத் தட்டினாள். பின்னால் காலியிடம் இருப்பதுபோல் கேட்டது. மாடிப்படியில் காலடி. நிதானமான காலடி.

"எல்லாத்தையும் அளக்கணுமா நீ?" மாமா கையில் சுத்தியல் இருந்தது. "உங்க அக்காவும் இப்படித்தான். எதையும் லேசுல விடமாட்டா."

"அக்கா எங்க மாமா?"

சுத்தியல் இறங்கியது. தடுத்த கையின் மணிக்கட்டு ஒடிந்தது. அடுத்த அடி காதோரம். விழுந்தாள். கண்ணில் ரத்தம். முடியைப் பிடித்து அலமாரிவரை இழுத்துப் போட்டார். பலகையைப் பெயர்க்கத் துணிகளுக்குள் கைவிட்டார்.

கை திரும்ப வரவில்லை.

இழுத்தார். மறுபடி இழுத்தார். துணிகளுக்கு நடுவில் ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டைப் பற்றியிருந்தன. காய்ந்த விரல்கள். ஒன்றில் அவர் போட்ட மோதிரம் தொளதொளத்தது.

முதலில் அவர் விரல்கள் ஒடிந்தன. பிறகு முழங்கை. பிறகு தோள். கத்தினார். இடுப்புவரை உள்ளே போனார். பிறகு கால்கள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே எலும்புகள் முறிந்தன. நிதானமாக. ஒவ்வொன்றாக.

வாசல் மணி அடித்தது. வீடு பார்க்க வந்துவிட்டார்கள்.

அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது. பன்னிரண்டு ஹேங்கர்கள். இரண்டு விரல் இடைவெளி. கொக்கி எல்லாம் வெளிப்பக்கம். நான்காவதில் மாமா தொங்கினார். தோள்கள் ஹேங்கரின் சரிவுக்கு மடிந்திருந்தன. சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது.

"அக்கா" என்றாள்.

ஐந்தாவது ஹேங்கர் காலியாக இருந்தது. காய்ந்த விரல் ஒன்று பின்னாலிருந்து நீண்டு, அதை மெதுவாக அவள் பக்கம் திருப்பியது.