முதுகில் ஒரு கை

லீவன் செத்துக் கிடந்தான்.

கால்வாய்ப் பாதையில் கார் நுழையாமலிருக்க நடுவே நட்டிருந்த சிவப்பு வெள்ளைக் கம்பம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதன் காலடியில் அவனுடைய சைக்கிள். முன்சக்கரம் நெளிந்து அப்பளமாகியிருந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து...

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒரே மாதிரி பச்சை ஜெர்சி போட்ட கிளப் ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

எல்லோரும் பார்த்தது பிணத்தை அல்ல. யோரிஸை!

"நான் கத்தினேன்..." என்றான் யோரிஸ். "சத்தியமா கத்தினேன்."

"எங்க காதுல விழலையே" என்றார் ரெமி. கிளப்பிலேயே மூத்தவர். வாயைத் திறந்தால் புகார்தான்.

"ரெமி... காத்து பக்கவாட்டுல அடிச்சுது. அதனால..."

"முப்பது வருஷமா இந்தக் காத்துலதான்டா ஓட்டறேன். நீ கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

எங்கள் ஊர்ப்பக்கம் சைக்கிள் கிளப்புக்கு ஒரே சட்டம்தான். பின்னால் வருகிறவனுக்கு முன்னவன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் கம்பம் வந்தால் முன்னால் போகிறவன் 'கம்பம்' என்று கத்த வேண்டும். கேட்டவன் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குக் கத்த வேண்டும். கடைசி ஆள் வரை அது போக வேண்டும். கோயிலுக்குப் போகாதவன்கூட இதை மீற மாட்டான்.

அன்றைக்கு முதல் ஆளாகப் போனவன் யோரிஸ்.

இன்ஸ்பெக்டர் ஹில்டே காரைப் பாலத்தடியில் விட்டுவிட்டு நடந்து வந்தாள். சைக்கிள் ஏறிப் பல வருஷமான பெண்மணி.

"இவருக்கு முன்னால யாரு?"

"நான்தான் மேடம். ஒத்தைப்படைல வந்தோம். அதனால முன்னால நான் மட்டும் தனியா. மத்தவங்க ரெண்டு ரெண்டு பேரா."

"இவர் பக்கத்துல வந்தது?"

"நான்" என்று ஒரு குரல் உடைந்து வந்தது.

பாவோ.

கதவு மாதிரி மார்பு. கிளப்பின் கேப்டன். அறுபதை நெருங்குகிற வயதில் இளவட்டங்களை மூச்சிரைக்க வைக்கிற மனுஷன். எதிர்க்காற்றில் யாராவது திணறினால் பாவோ பக்கத்தில் வருவான். ஒரு கை ஹேண்டில்பாரில்... இன்னொரு கை திணறுகிறவன் முதுகில். அப்படியே தள்ளிக்கொண்டு போவான். அவன் தயவில் வீடு வந்து சேராதவர் எங்கள் ஊரில் இல்லை.

"லீவனால முடியல மேடம். முதுகுல கை வச்சுத் தள்ளிட்டு வந்தேன். காத்துக்குப் பயந்து என்னை ஒட்டி, பாதை நடுவுக்கு வந்துட்டான். கம்பம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." பாவோ முகத்தைப் பொத்திக்கொண்டான். "கேக்கல மேடம். எனக்கும் கேக்கல. என் கை அவன் முதுகுலதான் இருந்துச்சு. காப்பாத்த முடியல."

இரண்டு பேர் ஓடிவந்து பாவோவைக் கட்டிக்கொண்டார்கள்.

யோரிஸை யாரும் கட்டிக்கொள்ளவில்லை.

*

"சார், உங்க வேலை?" என்று கேட்டாள் ஹில்டே, மறுநாள் ஸ்டேஷனில்.

"ஸ்கூல் பஸ் டிரைவர்."

அவள் பேனா நின்றது.

"அஜாக்கிரதையால மரணம்னு கேஸ் ஆனா, உங்க கையில யாரும் குழந்தைங்களைக் கொடுக்க மாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அடுத்த திங்கட்கிழமை ஃபைல் மேல போகுது. கத்தினேன்னு நீங்க சொல்றீங்க. கத்தலைன்னு ஒரு கிளப்பே சொல்லுது. நீங்க கத்தினதைக் கேட்ட ஒரே ஒரு ஆளைக் கொண்டு வாங்க."

கேட்டிருக்கக்கூடியவன் சவப்பெட்டியில் இருந்தான்!

அடக்கத்துக்குப் போனான் யோரிஸ். லீவனின் மனைவி ரோசா நேராக வந்தாள். அவன் கொண்டுபோன பூச்செண்டை வாங்கினாள். அவன் காலடியிலேயே போட்டாள்.

பஸ் கம்பெனி சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. தினமும் காலையில் அவன் பஸ் அவன் வீட்டைத் தாண்டிப் போயிற்று, வேறொருத்தன் ஓட்ட. ஜன்னலோரக் குழந்தைகள் அவன் வீட்டைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டன.

யோரிஸ் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. சமையலறை நாற்காலியில் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

"மார்லீன்..."

"ம்."

"நான் கத்தலையோன்னு எனக்கே தோணுது."

மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள்.

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"எல்லாரும் சொல்றாங்களே. ஒருத்தர் ரெண்டு பேரா? நான்தான் கொன்னுட்டேன் போலிருக்கு. திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு... இன்னைக்கே போய் ஒத்துக்கறேன். எனக்கு நிம்மதியாவது கிடைக்கும்."

அழுதுவிட்டான். பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

மார்லீன் எழுந்து அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நடந்த மாதிரியே செய்யுங்க. கம்பம் வருது. என்ன செஞ்சீங்க?"

"எதுக்கு இப்ப..."

"செய்ங்கன்னா செய்ங்க."

அவன் கண்ணை மூடினான். கையைப் பின்னால் நீட்டி ஆட்டினான்.

"கம்பம்!"

"கம்பம்!" என்றாள் மார்லீன்.

கல்யாணத்துக்கு முன் அவளும் கிளப்பில் ஓட்டியவள். அந்தப் பழைய பழக்கம் தானாக வாயில் வந்துவிட்டது.

யோரிஸ் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இப்ப நீ என்ன சொன்ன?"

"கம்பம்னேன். பின்னால இருக்கிறவங்க சொல்லணும் இல்ல?"

"சொன்னான்..." யோரிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "லீவன் சொன்னான் மார்லீன்... அவனோட கட்டைக் குரல். நான் கத்தினதும் என் பின்னால அவன் திருப்பிக் கத்தினான். நான் கேட்டேன். அவனுக்குக் கேட்டிருக்கு!"

"அப்படின்னா அவர் ஏன் ஒதுங்கலை?"

"அது தெரியாது. ஆனா நான் கத்தியிருக்கேன்."

"உடனே போலீஸ்ல சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவாங்களா? கிளப்ல ஒரு பெரிய மனுஷன் எனக்காகப் பேசணும்."

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடினான்.

யார் வீட்டுக்கு என்று நினைக்கிறீர்கள்?

*

பாவோ காப்பி ஊற்றினான். தட்டில் வாஃபிள் வைத்தான். யோரிஸ் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நிச்சயமா லீவன் குரல்தானா?"

"நிச்சயமா."

"வேற யார்கிட்ட சொன்ன?"

"மார்லீன்கிட்ட மட்டும்."

"பெண்டாட்டி சாட்சியை எவன்டா மதிப்பான்?" பாவோ யோசித்தான். "நீ பதறாத. ஞாயித்துக்கிழமை லீவனுக்காக அதே பாதையில அஞ்சலி ஓட்டம் இருக்கு. நீயும் வா."

"என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க பாவோ."

"நான் கூப்பிட்டா எவன் தடுப்பான்? என் பக்கத்துல வா. ஓட்டம் முடிஞ்சதும் கஃபேல எல்லார் முன்னாலயும் நானே பேசறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

யோரிஸ் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"நீ இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ..."

"சாப்பிடு" என்றான் பாவோ.

*

ஞாயிற்றுக்கிழமை.

வானம் ஈயமாய்த் தொங்கியது. கால்வாய்ப் பக்கமிருந்து காற்று முகத்தில் அறைந்தது. எல்லோர் கையிலும் கறுப்புப் பட்டை.

யோரிஸைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இவன் எதுக்கு?" என்றார் ரெமி.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றான் பாவோ. "நம்ம கிளப்ல யாரையும் நடுவழியில விட்டுட்டுப் போறதில்ல."

ரெமி துப்பிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

முன்னால் இரண்டு பேர். அடுத்த வரிசையில் இடதுபக்கம் யோரிஸ், வலதுபக்கம் பாவோ. அவர்களுக்குப் பின்னால் ரெமி. வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

சாப்பிடாத உடம்பு. தூங்காத கண். கொஞ்ச தூரத்திலேயே யோரிஸின் கால்கள் கெஞ்சின. முன்னால் போகிற சக்கரம் விலகி விலகிப் போயிற்று.

அப்போது முதுகில் ஒரு கை விழுந்தது.

பெரிய, கதகதப்பான கை. யோரிஸின் சைக்கிள் பூவாய் மிதந்தது.

"என்னை ஒட்டி வா" என்றான் பாவோ. "காத்து படாது."

யோரிஸ் ஒட்டினான். தோளோடு தோள்.

அவ்வளவு நெருக்கத்தில்தான் அது கேட்டது. காற்றுக்கு நடுவே... மெல்லிசாக...

ர்ர்ர்ர்ர்ர்...

"பாவோ, உன் சைக்கிள்ல ஏதோ சத்தம் வருது."

பாவோ பாதையைப் பார்த்தபடியே சொன்னான்.

"லீவனும் இதையேதான் கேட்டான்."

யோரிஸுக்கு ஒரு கணம் புரியவில்லை.

அடுத்த கணம் உள்ளங்கால் வரை சில்லிட்டது!

"கம்பம்!" முன்னாலிருந்து குரல்.

"கம்பம்!" யோரிஸ் திருப்பிக் கத்தினான். இடதுபக்கம் ஒதுங்கப் பார்த்தான்.

முடியவில்லை.

முதுகில் இருந்த கை விரல்களை மடக்கியது. ஜாக்கெட்டைக் கொத்தாகப் பற்றியது. நடுப்பாதைக்கு இழுத்தது. முன்னால் போனவர்கள் ஆளுக்கொரு பக்கம் விலக...

நேர் எதிரே சிவப்பு வெள்ளைக் கம்பம்!

"விடு பாவோ... விடுடா..."

"குற்ற உணர்ச்சி தாங்காம நீயே போய் மோதிட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றான் பாவோ, அமைதியாக. "அழுறேன்டா உனக்கும்."

கையை உதற முடியாது. விலக முடியாது. மார்லீன் முகம் வந்தது. பஸ் ஜன்னல் குழந்தைகள் வந்தார்கள். அப்போதுதான் யோரிஸின் கண்ணில் பட்டது... பாவோவுக்கும் ஹேண்டில்பாரில் ஒரு கைதான் இருக்கிறது.

இரண்டு பிரேக்கையும் யோரிஸ் ஒரே பிடியாகப் பிடித்தான்.

ஈரப் பாதையில் டயர் கிறீச்சிட்டது. யோரிஸ் பின்தங்கினான். ஜாக்கெட்டை விடாத பாவோவின் கை பின்னால் இழுபட்டது. உடம்பு திருகியது. ஒற்றைக் கையில் இருந்த ஹேண்டில்பார் இடதுபக்கம் மடங்க...

ணங்ங்!

கம்பம் பாவோவை வாங்கிக்கொண்டது.

யோரிஸ் புல்லில் உருண்டான். ரெமி அவன்மேல் விழுந்தார். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக வந்து சரிந்தார்கள்.

"பாவோ... பாவோக்கு என்ன ஆச்சு?" யாரோ அலறினார்கள். "கொலைகாரப் பாவி, இவன்தான்... யோரிஸ்தான் பிரேக் போட்டான்."

இரண்டு பேர் யோரிஸின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அவனை விடுங்கடா" என்றார் ரெமி.

எல்லோரும் திரும்பினார்கள்.

கிழவர் முழங்கால் ரத்தத்தைத் துடைக்காமல் எழுந்து நின்றார்.

"நான் நேர் பின்னால வந்தேன். இவன் கம்பம்னு கத்தினதைக் கேட்டேன். ஒதுங்கப் பார்த்ததையும் பார்த்தேன். அந்தக் கை விடல. பிடிச்சு இழுத்துச்சு." குரல் கரகரத்தது. "போன வாரம் நான் கொஞ்சம் பின்தங்கிட்டேன். என் காது கேக்காததை இவன் வாய் மேல போட்டுட்டேன்."

"ரெமி, உங்களுக்கு அடிபட்டு ஏதோ உளர்றீங்க. பாவோ எதுக்கு..."

ர்ர்ர்ர்ர்ர்...

பேசியவன் நிறுத்தினான்.

கம்பத்தடியில் பாவோவின் சைக்கிள் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் யாரும் இல்லை. யாரும் தொடவில்லை.

பெடல்கள் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தன!

ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், துக்க வீட்டில் நிற்பதுபோல.

"ஃபிரேமுக்குள்ள ஒளிச்சு வச்ச மோட்டார்" என்றார் ரெமி. அந்த வார்த்தையைச் சொல்லவே அவருக்குக் கூசியது.

*

தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பாவோ தப்பித்தான். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவனிடம் ஹில்டே குனிந்தாள்.

"ஒரு சின்ன மோட்டாருக்காகவா ஒரு உயிரை எடுத்தீங்க?"

"சின்னதா?" பாவோ வலியோடு சிரித்தான். "இந்த ஊர்ல காத்து அடிச்சா என்னைத்தான் தேடுவாங்க மேடம். கால்ல பலம் போயிருச்சு. என்னால அதை ஏத்துக்க முடியல. லீவன் பக்கத்துல வந்தப்ப சத்தத்தைக் கண்டுபிடிச்சுட்டான். 'இன்னைக்கு கஃபேல நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு, இல்லைன்னா நான் சொல்லுவேன்'னான். என்னால எப்படி முடியும்? அந்தக் கஃபேல என் ஃபோட்டோ மாட்டியிருக்காங்க..."

"அதனால கம்பத்துல மோத விட்டீங்க."

"நல்லவன் மேடம் லீவன். சாகற வரைக்கும் பின்னால வர்றவங்களுக்காகக் கத்தினான்."

யோரிஸ் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹில்டே அவன் பக்கம் வந்தாள்.

"உங்க பேர் இனிமே அந்த ஃபைல்ல இருக்காது சார். பஸ் கம்பெனிகிட்ட நானே பேசறேன்."

அவன் தலையாட்டினான். ரோசாவிடம் யார் போய்ச் சொல்வது என்று மட்டும் நினைத்தான். பிறகு, தானே போவது என்று முடிவு செய்தான்.

கிளப் ஆட்கள் இன்னும் அந்த சைக்கிளைச் சுற்றியே நின்றார்கள். ஸ்ட்ரெச்சரை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. ஹில்டேவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கொலைகாரன் அங்க இருக்கான். நீங்க எல்லாம் இங்க என்ன பண்றீங்க?"

ரெமி நிமிர்ந்தார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது.

"கொலைக்கு நீங்க ஆயுள் தண்டனை வாங்கிக் குடுங்க மேடம். வெளிய வந்ததும் அனுப்பி வைங்க... மோட்டார் வச்சதுக்கு நாங்க தனியா விசாரிக்கணும்."