ஊதாநீலக் கல்லுக்கு ஈடு

ஒலியை அணைத்து வைத்திருந்த ஃபோன் 'டிங்' என்றது. தையல்காரி மிஷினை நிறுத்தினாள். மத்தியான மழை தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, மிஷின் எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாடை அறையெங்கும் கனத்திருக்க, மேசைமேல் ஃபோன் திரை மட்டும் யாரோ இப்போதுதான் தொட்டதுபோல ஒளிர்ந்தது.

ஆன்லைனில் கல் சேர்க்கும் விளையாட்டு. பன்னிரண்டில் பதினொன்று சேர்த்துவிட்டாள். அந்த ஊதாநீலக் கல் மட்டும் மூன்று மாதமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கிறுக்கே பிடித்துவிட்டது அவளுக்கு.

'கல்லுக்காரர்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்: "ஊதாநீலம் என்கிட்ட இருக்கு. பதிலுக்கு என்ன தருவீங்க?"

அட, அடித்ததடா யோகம்! "கண்ணையே தரேன், அனுப்புங்க சார்" என்று சிரித்துக்கொண்டே தட்டிவிட்டாள். வாய்க்கு வந்த பேச்சு, அவ்வளவுதான்.

உடனே வந்துவிட்டது கல். திரையில் மெல்லச் சுழன்றது. இப்படிப் பார்த்தால் நீலம், அப்படிப் பார்த்தால் ஊதா. அடியில் இன்னொரு வரி.

"உள்ள தூங்குதே, அந்தக் கண்ணுதானே?"

ஆறு வயது மகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பிறந்த நாள் முதல் 'கண்ணு'தான்.

அவசரமாகத் தட்டினாள்: "ஐயோ, இல்லைங்க! சும்மா சொன்னேன். கல்லைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"குடுத்தாச்சு. வாங்கியாச்சு."

ஃபோனைப் போட்டுவிட்டு எழுந்தாள். உள்ளறைக்கு எட்டே அடி. மழைச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது? கதவைத் தள்ளினாள். கட்டில். போர்வை. போர்வைக்குள் சின்ன மேடு.

அசைந்தது.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "பயந்தே போயிட்டேன்டி தங்கம்."

கழுத்தில் முகம் புதைத்தாள். பாலும் பவுடரும் வியர்வையுமாக ஒரு வாடை இருக்குமே, அது இல்லை. மறுபடி முகர்ந்தாள். எந்த வாடையும் இல்லை.

"கண்ணு?"

மடியில் இருந்தது வாய் திறக்கவில்லை.

"என்னம்மா?" என்றது மகளின் குரல். முன்னறையில். ஃபோனிலிருந்து. "இங்க ஒரே நீலமா இருக்கும்மா. பயமா இருக்கு. வந்து தூக்கிக்கோம்மா."

எழப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் கனம்.

"அம்மா... அம்மா..."

மடியில் இருந்தது நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு இரண்டு சின்னக் கைகளையும் நீட்டி, அவள் காதுகளை மெதுவாகப் பொத்தியது.