சல்லடையில் மிஞ்சியது

விருதுக் கேடயத்தின் மேல் எச்சம் கிடந்தது. ‘சிறு வேட்டை விலங்குகளின் காவலர்’ என்று பெயரோடு பொறித்த எழுத்துகளை அப்பி, இன்னும் ஈரம் காயாமல். ஜன்னல்கள் நான்கும் கொக்கி போட்டபடியே இருந்தன.

“உங்க பேரு மேலயே போயிருக்கு சார். படிக்கத் தெரிஞ்ச மரநாய் போல,” என்றாள் ஆய்வகத்தில் உதவிக்கு இருந்த பெண்.

முதன்மை ஆய்வாளர் சிரிக்கவில்லை. அங்கே ஆய்வாளர் என்று இருந்ததே அவர் ஒருவர்தான். ஆனாலும் ‘முதன்மை’ போடாமல் கையெழுத்திட மாட்டார்.

“கழுவு. என்ன தின்னுச்சுன்னு பார்ப்போம்.”

எச்சத்தைச் சல்லடையில் கரைத்து, மிஞ்சும் விதையையும் ரோமத்தையும் எலும்பையும் வைத்து விலங்கின் இரையைக் கண்டுபிடிப்பது அவர்கள் அன்றாட வேலை. அவள் கழுவினாள். இடுக்கியால் ஒரு கற்றையைத் தூக்கினாள்.

“முடி சார். நுனி கறுப்பு, அடி வெள்ளை. டை அடிக்கிற எலி நம்ம பட்டியல்ல இல்லியே?”

அவர் பிடரியைத் தடவினார். உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “அந்தக் கூண்டு விஷயத்தை உள்ளபடி எழுதிடுங்க சார். எனக்குத் தூக்கமே வரல.”

“பட்டம் உனக்கா, எனக்கா?”

“உங்களுக்குத்தான் சார். நான் வர்றேன்.”

தினமும் காலையில் பார்க்க வேண்டிய பொறிக்கூண்டை அப்படியே விட்டுவிட்டுத்தான் அவர் விருது வாங்கப் போனார். ஐந்து நாள். மேடையில் அவர் கருணையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய மாலையில், கூண்டுக்குள் பால் கட்டிய ஒரு தாய் மரநாய், வேறு இரையில்லாமல் தன் முன்னங்காலையே தின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்தவர் குறிப்பேட்டில் ‘இயற்கை மரணம்’ என்று எழுதினார். அழகான கையெழுத்து.

இப்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் முதல் தூறலுக்கு நடுவே வேறொரு சத்தம், மெதுவாக, நகம் பதித்து, மேசைப்பக்கமாக நகர்ந்தது. மரநாயின் புனுகு, அதன் இனிப்பு நெடி தொண்டை வரை இறங்கியது. திரும்பினார். நாற்காலியில் இன்னொரு எச்சம். ஆவி பறந்தது.

தானே கழுவினார். தங்க மூடி போட்ட கடைவாய்ப்பல்.

நாக்கு போய்த் துழாவியது. பள்ளம். வலி இல்லை. ரத்தம் இல்லை.

“எழுதிடறேன்,” என்றார் வெற்று அறையிடம். “எல்லாத்தையும் எழுதிடறேன்.”

குறிப்பேட்டைப் புரட்டினார். பேனா வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்தார். விழுந்தது.

பிடிக்கக் கட்டைவிரல் இல்லை.

தொட்டியில் குழாய் தானாகத் திறந்து ஓடியது. சல்லடையில் ஏதோ கரைந்துகொண்டிருந்தது. பார்க்கக் கூடாது. குனிந்தார்.

உருண்டையாக ஒன்று. வெள்ளை. நடுவில் கருமை.

இடப்பக்க உலகம் அணைந்தது.

அணையவில்லை. இடம் மாறியிருந்தது. சல்லடைக்குள்ளிருந்து, ஓடும் நீரின் ஊடாக, மேலே குனிந்திருக்கும் தன் முகத்தையே அவர் பார்த்தார். ஒரு பக்கம் குழி. அந்த முகத்துக்குப் பின்னால், தோளில் நிதானமாக உட்கார்ந்து, அடுத்து எதைத் தின்னலாம் என்று மோந்து பார்க்கும் ஈர மூக்கையும்.