எரிக்காமல் விட்ட உருவம்

மண்ணெண்ணெய் வாசனை இராசம்மாவுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று பொழுது சாய்ந்தபின் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் பரவியது அந்த வாசனை இல்லை. உப்பும் தாரும் கலந்து, தொண்டைக்குள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் வேறொரு நாற்றம். விளக்கைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மூலையில் சாய்த்து வைத்திருந்த புல்லுருவத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பயமாக இருந்தது.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் பினாங்கில் எண்ணெய்க் கப்பல் ஏறிப் போனவன் அவள் புருஷன் தங்கராஜு. நடுக்கடலில் குண்டு பட்டுக் கப்பல் எரிந்தது. தண்ணீரில் குதித்தவர்களையும் மிதந்த எண்ணெய் விடாமல் எரித்தது என்றார்கள். பிணம் வரவில்லை. பிணம் இல்லாமல் என்ன கருமாதி என்று இத்தனை வருஷமும் பிடிவாதமாகத் தாலியோடு இருந்துவிட்டாள். அவன் போனபோது வயிற்றில் இருந்த மகள் செல்லத்துக்கு இப்போது காய்ச்சல் விடவே இல்லை. காட்டுக்குள் ஒளிந்திருந்த கொம்னிஸ்காரர்கள் மலைப்பாதையில் சுட்டதால் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லோரியும் போகவில்லை. வேறு வழி தெரியாமல்தான் கங்காணி செல்லையாவின் பேச்சைக் கேட்டாள்.

"தகப்பன் தவிக்கிறான் இராசம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டு, எரிச்சு அனுப்பிரு. புள்ள எந்திரிச்சிரும் லா."

லாலான் புல்லில் ஆளுயரத்துக்கு உருவம் கட்டி, அவன் விட்டுப்போன சட்டையை மாட்டி, ஆற்றங்கரையில் கிடத்தினார்கள். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நெருப்பு வைக்கப்போகும் நேரத்தில் ஊரடங்குச் சங்கு ஊதியது. பட்டாளத்துக்காரன் துப்பாக்கியை நீட்டி எல்லோரையும் லயத்தைச் சுற்றிய முள்கம்பி வேலிக்குள் விரட்டினான்.

"அங்கயே போட்டுட்டு வா! வீட்டுக்குள்ள ஆகாது!" என்று கத்தினார் செல்லையா.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கூப்பிட்டு வரவழைத்தவனை, தூறத் தொடங்கிய மழையில் தனியாக விட்டுவிட்டு வருவதா? பாவி மகள், வாரித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தூக்கும்போது லேசாக இருந்தது. வாசலைத் தாண்டும்போது கனத்தது.

வெளியே பனிமூட்டம் சன்னலில் அப்பிக் கிடந்தது. தகரக் கூரையில் மழை. அதற்கும் கீழே இன்னொரு சத்தம். சொட். சொட். கூரை ஒழுகுகிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு விளக்கைத் தூக்கினாள். சட்டையின் கைநுனியிலிருந்து கறுப்பாக எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது. தரையில் ஓடி வந்து அவள் பாதத்தைத் தொட்டது. சில்லென்று.

பக்கத்து வீட்டுச் சுவரை ஓங்கித் தட்டினாள்.

"மாரியம்மாக்கா! வாங்கக்கா, புள்ளயத் தூக்கணும்!"

"கதவத் தொறந்துறாத இராசம்மா! சுட்டுருவானுங்க!"

அவள் திரும்பினாள். மூலை காலி.

எண்ணெய்த் தடம் செல்லம் படுத்திருந்த பாயை நோக்கிப் போயிருந்தது.

செல்லம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் முகம் தெளிந்திருந்தது. தலைமுதல் கால்வரை கறுப்பு எண்ணெய். நனைந்த புல்கைகள் பின்னாலிருந்து அவளை இறுக அணைத்திருந்தன. அப்பனை ஒருநாளும் பார்த்தறியாத பிள்ளை சிரித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு ரொம்பக் குளிருதாம். வெளக்கக் கிட்டக் கொண்டாரச் சொல்றாரு."

இராசம்மா கையிலிருந்த விளக்கை ஊதி அணைக்கப் பார்த்தாள். மூச்சு வரவில்லை. வழவழத்த தரையில் அவள் கால் தானாக முன்னே வழுக்கியது.