ஐந்தாம் அதிகாரம்

முதல் நட்சத்திரத்தைத் தப்பாக ஒட்டியது பெரிய டீச்சரேதான். பிற்பாடு யார் தலையில் அந்தப் பழியைப் போடலாம் என்று எவ்வளவு யோசித்தும் ஆள் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை, விடுமுறை வேதாகமப் பள்ளியின் முதல் நாள். மனப்பாட வசனம் ஒப்பித்தால் அட்டையில் ஒரு தங்க நட்சத்திரம். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள், மைக் கீச்சிட்டது, யாரோ ஜூஸைக் கொட்டிவிட்டு, தான் கொட்டவில்லை என்று அழுதார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி மேசைக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: “ஐந்தாம் அதிகாரம், ஒன்றாம் வசனம். பின்பு அந்த மீன் கரைக்குத் திரும்பி வந்தது.”

அன்றைய வசனம் அது இல்லை. ஆனால் மீன் என்ற சொல் காதில் விழுந்தது. அந்த வருட முகாமே ஒரு தீர்க்கதரிசியை மீன் விழுங்கித் திரும்பக் கரையில் கக்கிய கதைதான். தங்குதடையில்லாமல், அதிகாரமும் எண்ணும் சொல்லி ஒரு பிள்ளை ஒப்பித்தால் சரியாகத்தானே இருக்கும்? பெரிய டீச்சர் நட்சத்திரத்தை நாக்கில் தொட்டு ஒட்டி, “வெரிகுட், அடுத்தது” என்றாள்.

அவள் வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பன்னிரண்டு வருடத்தில் ஒரு குழாயில்கூடப் பெயர்ச்சீட்டு மாறியதில்லை என்பது அவளுடைய பெருமை. ஐந்து நாள் விடுப்பு எடுத்து, முதல்முறையாக முகாமைத் தலைமையேற்று நடத்துகிறாள். போதாததற்கு அக்கா மகள் வேறு. ஆறு வயது, பெயர் சுண்டு, ஆளும் அந்த அளவுதான். அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். மாமா அங்கேயே காவல். “வெள்ளிக்கிழமை சாயந்தரம் முழுசா கொண்டுவந்து சேர்த்துடு. உன்ன நம்பித்தான் விடறேன்” என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

முகாமின் பெரிய கவர்ச்சி அந்த மீன். சபைக் கூடத்தின் பக்கத்து அறையில், ஒன்பது பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து விலா எலும்புபோல் வரிசையாக நிறுத்தி, மேலே கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, தரையிலும் அதையே விரித்து, தச்சர் பன்னிரண்டடியில் கட்டிக் கொடுத்திருந்தார். அட்டையில் பல் வைத்த வாய் வழியாகப் பிள்ளைகள் தவழ்ந்து நுழைந்து, வால் வழியாக வெளியே வருவார்கள். உள்ளே பெயின்ட் வாசனையும் புது ரப்பர் வாசனையும் கலந்து வரும். ஒரு சின்ன ஸ்பீக்கரில் அலை ஓசை. அவ்வளவுதான். இருபது எண்ணுவதற்குள் ஒரு பிள்ளை வெளியே வந்துவிடலாம்.

அன்று மதியம் கடைசியாக வந்தவர்களுக்கு இருபது போதவில்லை. வெளியே வந்த பிள்ளைகளின் முழங்கால்கள் நனைந்திருந்தன. ஜூஸ் என்று நினைத்தாள், ஒரு துணி எடுத்துத் துடைத்தாள், மறந்துவிட்டாள்.

வீட்டில் விளக்கு ஏற்றும் நேரத்தில்தான் அந்த நட்சத்திரம் உறுத்தத் தொடங்கியது. வேதாகமத்தைப் புரட்டினாள். அந்தத் தீர்க்கதரிசியின் சின்னஞ்சிறு ஆகமம், நாலே அதிகாரம். நாலாவதோடு முடிந்து அடுத்த ஆகமம் தொடங்குகிறது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

“சுண்டு, இன்னைக்கு என்ன வசனம் படிச்ச?”

தரையில் குப்புறப் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்த சுண்டு தலை தூக்கவில்லை. “ஒண்ணாம் வசனம் எல்லாருக்கும் தெரியும் சித்தி. நான் ரெண்டு சொல்றேன். அதின் வயிற்றிலே இன்னும் ஒருவர் இருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“உள்ள இருக்கறவங்க.”

“எந்த டீச்சர்? நீலக் குழு டீச்சரா?”

“டீச்சர் இல்ல சித்தி. இருட்டா இருக்குல்ல, முகம் தெரியாது. கைய மட்டும் புடிச்சுக்குவாங்க.” சுண்டு பச்சைக் கலரை வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தாள். “ஈரக் கை.”

பெரிய டீச்சர் வேதாகமத்தை மூடிவைத்தாள். பக்கத்துத் தெருப் பையன் எவனாவது நுழைந்து விளையாடுகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் நல்ல செய்தி இல்லைதான். ஆனால் நம்புவதற்கு எளிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தச்சரை வரவழைத்து, டார்ச் அடித்து, மீனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இருவரும் பார்த்தார்கள். ஆள் இல்லை. ஆள் ஒளிய இடமும் இல்லை. தார்ப்பாயின் தரைப்பகுதி மட்டும் ஈரமாகக் கிடந்தது. தொட்ட விரலை முகர்ந்தபோது பெயின்டும் இல்லை ரப்பரும் இல்லை, நாள்பட மூடிவைத்த தண்ணீரின் வாசனை, அதன் அடியில் உப்பு. கடல் அங்கிருந்து அரை நாள் பயணம்.

“கூரை ஒழுகுதோ?” என்றாள்.

தச்சர் அண்ணாந்து பார்த்தார். “மழை பெஞ்சு மூணு மாசம் ஆச்சு டீச்சர். நான் கட்டின மீனு ஒழுகாது, நீங்க பயப்படாதீங்க.” தன் வேலையைக் குறை சொல்லிவிட்டதாக அவருக்கு மனத்தாங்கல்.

பத்து மணிக்கு மேடையேறி மைக்கைப் பிடித்தாள். “பிள்ளைங்களே, அஞ்சாம் அதிகாரம்னு ஒண்ணு கிடையாது. டீச்சர் தெரியாம நட்சத்திரம் குடுத்துட்டேன். இனிமே அத யாரும் ஒப்பிக்கக் கூடாது.” நாற்பது பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். வழக்கமாக நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் பார்க்கவே மாட்டார்கள். முன்பல் விழுந்த சிறுமி கை தூக்கினாள். “ஆனா டீச்சர், நீங்க வெரிகுட் சொன்னீங்களே. உள்ள இருக்கறவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.”

அன்றே மீனின் வாயைக் கயிறு போட்டுக் கட்டினாள். வாலையும் கட்டினாள். குழந்தைகள் அழுதார்கள், இரண்டு தாய்மார் போதகரிடம் குறை சொன்னார்கள். போதகர் நல்ல மனிதர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். மீனை உடனே பிரித்துவிட வேண்டும் என்று அவரிடம் போனாள். எப்படிச் சொல்வது? மீனுக்குள் யாரோ பாடம் எடுக்கிறார்கள் என்றா? ஈரம், பூஞ்சை, பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்றாள். பாதி உண்மை.

“வெள்ளிக்கிழமை நிறைவு விழா முடியட்டும்மா, பிரிச்சுடலாம். பெத்தவங்கல்லாம் அந்த மீன பாக்கத்தான் வர்றாங்க. அதுவரைக்கும் கட்டியே இருக்கட்டும்.”

கட்டியே இருந்தது. புதன்கிழமை யாரும் உள்ளே போகவில்லை. ஆனாலும் பிஸ்கட் இடைவேளையில் பிள்ளைகளைக் காணாமல் தேடிப்போனபோது, அவர்கள் பக்கத்து அறையில், மீனின் இரண்டு பக்கமும் வரிசையாகக் குந்தி, தார்ப்பாயில் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயில் வைத்த பிஸ்கட்டைக்கூட மெல்லவில்லை. ஸ்பீக்கரை அவள் முந்தின நாளே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். அலை ஓசை மட்டும் மெதுவாக வந்துகொண்டிருந்தது, இழுத்து இழுத்து, யாரோ மூச்சு வாங்குவதுபோல.

“என்ன பண்றீங்க எல்லாரும்? எழுந்திருங்க!” அவள் குரல் அவளுக்கே கிறீச்சென்று கேட்டது.

எழுந்தார்கள். எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தபடியே, முனகலாக, ஒரே குரலில்: “மூன்றாம் வசனம். அவர் சிறு பிள்ளைகளை நோக்கி, என் கையைப் பிடியுங்கள் என்றார்.”

அன்றிரவு அவள் உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள், பூட்டிய கதவைத் திரும்பப் பூட்டினாள். சுண்டுவை நாளை முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று முடிவு செய்தாள். யாரிடம் விடுவது? பக்கத்து வீட்டார் ஊரில் இல்லை. அக்காவுக்கு போன் போட்டால் என்ன சொல்வது, ரத்த அழுத்தம் ஏறிக் கிடப்பவளிடம்? ஒரே வழிதான் இருந்தது. இரண்டு நாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, சுண்டுவின் கையைத் தன் கைக்குள்ளேயே வைத்திருப்பது.

வியாழக்கிழமை அப்படியே வைத்திருந்தாள். பாட்டு நடத்தும்போதும், கணக்கெடுக்கும்போதும், கழிவறை வாசலிலும். சுண்டுவுக்குக் கை வியர்த்தது, கோபம் வந்தது. “விடுங்க சித்தி, நான் என்ன நாய்க்குட்டியா?” பிள்ளைகள் அன்று மிக ஒழுங்காக இருந்தார்கள். சண்டை இல்லை, அழுகை இல்லை. மற்ற டீச்சர்கள் இப்படி ஒரு முகாமைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டினார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சுண்டு மட்டும் வருத்தமாகச் சொன்னாள்.

“நாங்க எல்லாருமே இழுத்துப் பாத்துட்டோம் சித்தி. திங்கக்கிழமையே. முடியல.”

“எத இழுத்தீங்க?”

“நாலாம் வசனம்,” என்றாள் சுண்டு. “சிறு பிள்ளைகளின் கைகளுக்கு அவர் பாரமாயிருந்தார்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விழா. பத்தரைக்கு ஒத்திகை. நாற்காலிகள் போட்டாயிற்று, பூச்செண்டு வந்தாயிற்று, வாசலில் முதல் கார்கள் நிற்கத் தொடங்கின. தச்சர் விழா முடிந்ததும் மீனைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவரோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். சாயந்தரம் அக்கா கையில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, ஒரு வாரம் தூங்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஒரு குழந்தையின் பெயர் அட்டை கழன்று ஊக்கு கழுத்தில் குத்தியது. குழந்தை அலறியது. ஊக்கை எடுக்க இரண்டு கை வேண்டும். இரண்டு கை. எடுத்தாள், குத்திய இடத்தைத் தடவினாள், திரும்பினாள்.

சுண்டு இல்லை.

“சுண்டு?”

மேடையில் நின்ற பிள்ளைகளின் எல்லாத் தலைகளும் பக்கத்து அறையின் கதவைப் பார்த்திருந்தன. அவள் ஓடினாள். கயிறு அவிழ்த்து, ஒழுங்காகச் சுருட்டி, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மீனின் வாய் திறந்திருந்தது. உள்ளேயிருந்து சுண்டுவின் குரல், சின்னதாக, ரொம்பத் தூரத்திலிருந்து.

“சித்தி...”

அவள் யோசிக்கவில்லை. முட்டி போட்டு நுழைந்தாள்.

இருட்டு. ஈரத் தார்ப்பாய் உள்ளங்கையில் வழுக்கியது. தலைக்கு மேல் குழாய் இடித்தது. ஒன்று. அதைப் பிடித்து முன்னேறினாள். இரண்டு, மூன்று. உப்பு வாசனை தொண்டைக்குள் இறங்கியது. “இருடா தங்கம், சித்தி வந்துட்டேன்.” ஆறு. ஏழு. வாலைக் கட்டிய இடுக்கில் வெளிச்சம் இந்நேரம் தெரிய வேண்டும். எட்டு. ஒன்பது.

பத்து.

நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வாயின் வெளிச்சம் பொட்டளவு, வெகு பின்னால். பன்னிரண்டடி என்றாரே தச்சர். பன்னிரண்டடிதானே என்றார்.

“சித்தி, இங்க.”

பதினொன்று. பதினான்கு. அதன்பின் எண்ணவில்லை. தண்ணீர் மணிக்கட்டு வரை. கையை நீட்டித் துழாவினாள். எதுவும் இல்லை. எதுவும் இல்லை. விரல்கள்.

சின்ன விரல்கள். நனைந்து, சில்லிட்டு. அவள் கைக்குள் தாமாக வந்து புகுந்துகொண்டன. அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. “பிடிச்சுக்கோ. கெட்டியா பிடிச்சுக்கோ.” பின்னோக்கித் தவழ்ந்தாள். இழுத்தாள். கனத்தது. ஆறு வயதுப் பிள்ளை இவ்வளவு கனக்குமா? தண்ணீரில் ஊறிய துணி கனக்கிறது என்று நினைத்தாள். இழுத்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. குழாய்கள் முதுகில் இடித்தபடி ஒவ்வொன்றாகக் கடந்தன. கால் வெளியே போய்விட்டது. தரை. காய்ந்த, சூடான தரை.

“சித்தி.”

பின்னாலிருந்து. முதுகுக்குப் பின்னாலிருந்து.

“சித்தி, நான் இங்க இருக்கேன். தண்ணி குடிக்கப் போனேன். நீங்க யார இழுக்கறீங்க?”

உள்ளேயிருந்தும் சுண்டுவின் குரல், கெஞ்சலாக. “விட்டுடாதீங்க சித்தி.”

“விட்டுடுங்க சித்தி!” வெளியே ஒரு சின்னக் கை அவள் ரவிக்கையின் முதுகைப் பற்றி இழுத்தது. வெதுவெதுப்பான கை. வியர்த்த கை.

இரண்டும் ஒரே குரல். அக்காவிடம் எதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? தப்பான கையை விட்டுவிட்டால்? விரலைத் தளர்த்தினாள். தளர்த்த முடியவில்லை. அவள் இப்போது பிடித்திருக்கவில்லை. பிடிக்கப்பட்டிருந்தாள்.

அறை வாசலில் காலடிகள். நாற்பது பிள்ளைகள் வந்து நின்றார்கள். பெற்றோரும் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, நாடகம் தொடங்கிவிட்டது என்று கைதட்டினார்கள்.

வாயின் அட்டைப் பல்லுக்கு அடியில், வெளிச்சத்துக்கு, கை வந்தது. சின்னக் கை. சுண்டுவின் கைதான், கலர் பென்சில் கறை உட்பட. அதன் பின்னால் முழங்கை வந்தது.

முழங்கைக்குப் பின்னால் இன்னொரு முழங்கை வந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று.