பன்னிரண்டாவது தட்டு

வாசலில் கிடந்தது மூன்று ஜோடி செருப்பு. உள்ளே அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்ததோ பதினோரு தட்டு. பதினொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேளாங்கண்ணி வேண்டுமென்று எண்ணிப் பார்க்கவில்லை. கடத்தூர் மண்டியில் பத்து வருஷமாகப் புளிக்குக் கொட்டை எடுத்து, கூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள். எதைப் பார்த்தாலும் கண் தானாக எண்ணிவிடும். யாராவது விருந்தாளி வந்திருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்ளாமல் என்ன செய்வது? இந்த வீடு அவளுக்கு அமைந்தே தீர வேண்டும்.

பக்கத்தில் நின்ற மகள் புஷ்பமேரிக்குப் பதினேழு வயசு. அப்பன் செத்து நாலு வருஷம். பிள்ளை படித்த படிப்புக்குத் தருமபுரியில் டீச்சர் டிரெயினிங் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், தங்க ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் தாய்மாமன் மதலைமுத்து ஒரு மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடுவான். ஏற்கெனவே ஒருத்தன் வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறான். காலையில் சிஸ்டர்மார் ஹாஸ்டலில் கேட்டாகிவிட்டது. மாசம் நாற்பது ரூபாய், ரெண்டு மாசம் முன்பணம். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்தால் ரெண்டு ரூபாய் பார்க்கிறவள் நாற்பதுக்கு எங்கே போவாள்? இந்த வீட்டில் பதினெட்டு. அதிலும் ரெண்டு வேளை நெல்லுச்சோறு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தவிரக் களியே கதி என்று வளர்ந்த பிள்ளைக்கு ரெண்டு வேளையும் நெல்லுச்சோறு!

வீட்டுக்காரி ஜானகியம்மாளுக்கு அறுபது வயசிருக்கும். வெளுத்த புடவை, வெளுத்த சிரிப்பு. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "தட்டு கொண்டாந்தீங்களா?" என்றுதான் கேட்டாள்.

"கொண்டாந்திருக்கறங்க. அட்வான்சு எவ்வளவுன்னு..."

"அதெல்லாம் நான் வாங்கறதில்லீங்க. பொண்ணு பேரு வெட்டுன தட்டும் டம்ளரும் குடுத்துட்டுப் போங்க, போதும். தட்டு இருந்தா எடம் இருக்குது."

வேளாங்கண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தவணையில் வாங்கிய எவர்சில்வர் தட்டு, டம்ளர். அன்று காலையில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எழுத்துக்கு அஞ்சு பைசா கொடுத்து ரெண்டிலும் 'அ. புஷ்பமேரி, 1971' என்று வெட்டி வாங்கியிருந்தாள். துணிப்பையிலிருந்து எடுத்து ரெண்டு கையாலும் நீட்டினாள். வீட்டைச் சுற்றிப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே நீட்டினாள் பாருங்கள், அங்கேதான் பிசகு. கத்தரிக்காயைக் கூட நாலு தரம் புரட்டிப் பார்த்து வாங்குகிறவள் அவள்.

சுற்றிப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூடத்தைத் தாண்டி ஒரு நீளமான அறை, ரெண்டு சன்னல், சுத்தமான சிமெண்டுத் தரை. பின்னால் கிணறு, ராத்திரி வெளியே போகத் தேவையில்லாத கக்கூஸ். புஷ்பமேரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இங்க உக்காந்து படிக்கலாம்மா" என்றாள்.

வாசனை ஒன்றுதான் உறுத்தியது. சோறு வடிக்கிற வாசனை. பசித்தவளுக்கு அதைவிட நல்ல வாசனை ஏது? ஆனால் அது சமையலறையில் மட்டும் இல்லை. படுக்கிற அறையில், பெட்டிகளுக்கு நடுவில், சுருட்டி வைத்த பாய்களில், கிணற்றடியில், கடைசியில் கக்கூஸ் கதவைத் திறந்தபோதும், இப்போதுதான் வடித்து நிமிர்த்திய மாதிரி சூடாக, கொழகொழவென்று முகத்தில் வந்து ஒட்டியது. வேளாங்கண்ணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடறப்போ பேச்சு கூடாதுங்க" என்று ஜானகியம்மாள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "வாய்விட்டுக் கேக்கவும் கூடாது. சோறு வேணும்னா டம்ளரைத் தரையில ஒருதரம் வெக்கணும். தண்ணின்னா ரெண்டுதரம். அஞ்சரைக்கெல்லாம் பந்தி..."

டொக்.

உள்ளேயிருந்து வந்தது. டம்ளரைத் தரையில் வைத்த சத்தம்.

"வருது, வருது, இன்னும் நேரம் ஆவலை" என்று ஜானகியம்மாள் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள். வேளாங்கண்ணி எட்டிப் பார்த்தாள். கூடம் காலியாகக் கிடந்தது.

அங்கே தங்கிப் படிக்கிற மூன்று பெண்களும் கிணற்றடியில்தான் இருந்தார்கள். ரெண்டு பேர் வாளியோடு உள்ளே போய்விட்டார்கள். மூன்றாவது பெண் ஹசீனா, பென்னாகரத்துக்காரி, ரெண்டாம் வருஷம் படிக்கிறவள். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரெண்டு வேளை நெல்லுச்சோறு தின்கிற உடம்பா இது? வேளாங்கண்ணி மெல்லக் கேட்டாள்.

"ஏம்மா, மூணு பேர்தான் இருக்கறீங்க, தட்டு பதினொண்ணு இருக்குது?"

அந்தப் பெண் கயிற்றை விட்டுவிட்டாள். ராட்டினம் கடகடவென்று சுற்றி நின்றது.

"மத்தவங்க வூட்டுக்குப் போயிட்டாங்க. தட்டை எடுக்காமப் போயிட்டாங்க."

"பேரு வெட்டுன தட்டை யாராச்சும் வுட்டுட்டுப் போவாங்களா?"

"அவங்களுக்கும் பரிமாறணும்ங்க. இல்லீன்னா தட்டிக்கிட்டே இருப்பாங்க." உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்கம்மா, உங்க பொண்ணுதைக் குடுத்துட்டீங்களா?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, தீர்த்தமலைப் பக்கமிருந்து கருகருவென்று திரண்டு வந்து கொட்டுகிற மழை. ஹசீனா வாளியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தாயும் மகளும் கூடத்துக்குள் ஒதுங்கினார்கள். சன்னல்களைச் சாத்தியதும் வீடு இருண்டுபோயிற்று. ஒற்றை பல்பு மஞ்சளாக முனகிக்கொண்டு எரிந்தது. மணி அஞ்சரை.

ஜானகியம்மாள் பந்தி போட்டாள். சுவரோரமாக ஒரே வரிசை. உட்காருகிறவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், முதுகுதான் கூடத்துக்குத் தெரியும். பதினோரு தட்டு வைத்தாள். கடைசியில் பன்னிரண்டாவதாக ஒன்றை வைத்தாள். புத்தம் புதுசு, பல்பு வெளிச்சத்தில் பளபளத்தது. பக்கத்தில் டம்ளர்.

"எங்களுக்கு வேணாங்க" என்றாள் வேளாங்கண்ணி. "மழை வுட்டதும் பஸ்ஸுக்குப் போவணும்."

"உங்களை ஆரு சாப்பிடச் சொன்னாங்க?" என்று சிரித்தாள் ஜானகியம்மாள். பன்னிரண்டு தட்டிலும் சோறு விழுந்தது. மூன்று பெண்கள் வந்து, இடம்விட்டு இடம்விட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மீதி ஒன்பது தட்டுக்கு முன்னால் வெறும் தரை.

வேளாங்கண்ணி மகளின் கையைப் பிடித்தாள். பிடித்த கை ஈரமாக இருந்தது. யார் கை வேர்த்தது என்று தெரியவில்லை.

கரண்ட் போயிற்று.

இருட்டு. மேலே ஓட்டில் மழை. முதலில் அது மட்டும்தான் கேட்டது. பிறகு மெதுவாக, மழைக்கு அடியில், சோற்றைப் பிசைகிற சத்தம். விரல் தட்டில் உரசுகிற சத்தம். மெல்லுகிற சத்தம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரம் அவசரமாக, நாள்பட்ட பசியோடு மெல்லுகிற சத்தம். மூன்று வாய் இல்லை அது. வேளாங்கண்ணியின் காது எண்ணியது. வேண்டாம் வேண்டாம் என்று அவள் நினைக்க நினைக்க, எண்ணியது. ஏழு. எட்டு. பத்து.

டொக். யாரோ சோறு கேட்டார்கள்.

டொக். இன்னொருத்தர்.

மாதாவே.

பதினொன்று.

கடைசியாக, இவர்கள் நின்ற பக்கத்திலிருந்து, காலடியிலிருந்து, ஒரு சத்தம். புதுத் தட்டு தரையில் நகர்ந்தது. சின்னதாக ஒரு கவளம். மென்றது.

"அம்மா" என்றாள் புஷ்பமேரி.

"இங்கதான இருக்கற? கண்ணு, இங்கதான நிக்கற?"

"ஆமாம்மா."

கையை விடவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனாலும் அந்த மெல்லுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். பால் பல் முளைத்த நாளிலிருந்து அடுப்பங்கரையில் கேட்ட சத்தம். கடைவாயில் லேசாக 'சப்' என்று ஒரு முடிவு. பெற்றவளுக்குத் தெரியாதா?

டொக். டொக். தண்ணீர்.

விளக்கு வந்தது. பன்னிரண்டு தட்டும் நக்கித் துடைத்த மாதிரி காலி. புதுத் தட்டில் மட்டும் ஒரு வாய்ச் சோறு மிச்சம் இருந்தது. அதில் நாலு விரல் பதிந்திருந்தது. பிள்ளை கவளத்தைக் கட்டைவிரல் படாமல் வழித்துத்தான் எடுப்பாள். எத்தனை தரம் திட்டியிருக்கிறாள் அதற்கு!

வேளாங்கண்ணி பாய்ந்தாள். தட்டை எடுத்தாள், சோற்றை அப்படியே தரையில் கொட்டினாள், பைக்குள் திணித்தாள், மகளை இழுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கினாள். "எங்களுக்கு இந்த வூடு ஒத்து வராதுங்க!" ஜானகியம்மாள் தடுக்கவில்லை. பின்னால் ஹசீனா ஏதோ கத்தினாள். மழையில் காதில் விழவில்லை.

கடத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஜெபமாலையை மகளின் கையில் சுற்றிவிட்டாள். காலையில் ஒரு பன்னும் டீயும் தவிரப் பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பசிக்குதா கண்ணு? எறங்குனதும் ஏதாச்சும் வாங்கித் தரேன்."

"வேணாம்மா. வயிறு கம்முனு இருக்குது."

ராத்திரியும் களி வேண்டாம் என்றாள். பயந்த பிள்ளை, சாப்பாடு எங்கே இறங்கும் என்று வேளாங்கண்ணி விட்டுவிட்டாள். பையைக் கவிழ்த்தபோது தட்டு மட்டும் விழுந்தது. டம்ளர் அங்கேயே நின்றுபோயிற்று. போனால் போகட்டும் சனியன், ஒரு டம்ளர்தானே!

மறுநாள் காதுக் கம்மலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அடகு வைத்தாள். எண்பது ரூபாய். வெறும் காதைப் பார்த்து அண்ணன் மதலைமுத்து கத்துவான், கத்தட்டும். சிஸ்டர்மார் ஹாஸ்டலே சரி. நாற்பதோ ஐம்பதோ, ரத்தத்தை விற்றாவது கட்டிவிடலாம். பிள்ளை நல்ல இடத்தில் இருந்தால் போதும். மனசு லேசாகி, முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு, வழியில் ரெண்டு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் சாயவில்லை. கோயிலில் ஆறு மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கதவு சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே வாசனை.

சோறு வடித்த வாசனை. சூடாக, கொழகொழவென்று. காலையிலிருந்து இங்கே அடுப்பு மூட்டவில்லை. ஒரு பிடி அரிசி கிடையாது, பானையில் இருந்தது கேழ்வரகு மாவு.

"புஷ்பம்?"

மகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். சம்மணம் போட்டு, சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு. முன்னால் தட்டு இல்லை, ஒன்றும் இல்லை. வலது கை வெறும் தரையை வழித்தது. வாய்க்குப் போயிற்று. மறுபடி தரை. மறுபடி வாய். தாடை அசைந்தது. கடைவாயில் 'சப்' என்று முடிந்தது.

வாழைப்பழம் கீழே விழுந்தது. வேளாங்கண்ணி தவழ்ந்து போய் மகளின் தோளைத் தொட்டாள். புஷ்பமேரி திரும்பவில்லை. கண் சுவரில் நிலைத்திருந்தது. ஒரே நாளில் முழங்கை எலும்பு துருத்தியிருந்தது. இடது கை தரைக்கு மேலே, எதையோ பிடித்த மாதிரி வளைந்து, மெதுவாக உயர்ந்து, இறங்கியது.

டொக்.

கையில் டம்ளர் இல்லை. சத்தம் மட்டும் கேட்டது.

வேளாங்கண்ணி மகளின் வலது கையைப் பிடித்துப் பலத்தோடு விரித்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று நெல்லுச்சோற்றுப் பருக்கை. ஆவி பறந்துகொண்டிருந்தது.