பின் சீட்டின் பாரம்

பின் சீட்டில் கை வைத்தபோது ரெக்ஸின் உறை வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்து விடாத மழை. வேனோ நேற்று மாலையிலிருந்தே ஷெட்டுக்குள் நிற்கிறது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போன்ற சூடு. மகள் ஏறி விளையாடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக். ஆனாலும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஊர் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவன் அவன். சொந்தப் பழைய வேன் மட்டும் ஒரு மாதமாக நினைத்தால் கிளம்பும், நினைத்தால் படுத்துவிடும். வாத்தியார் பிள்ளை மக்கு என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். பேட்டரியை மாற்றினான், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். அவன் எதிரில் மட்டும் அது முதல் திருப்பிலேயே உறுமி மானத்தை வாங்கியது. போன வாரம் ஆளரவமற்ற சாலையில் மனைவியும் ஏழு வயது மகளும் இரண்டு மணி நேரம் தவித்துவிட்டார்கள். "இன்னிக்குள்ள சரி பண்ணலன்னா பாப்பாவ இனி இதுல ஏத்தவே மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் வேலைக்குப் போயிருந்தாள். மகளுக்குப் பள்ளி விடுமுறை. பக்கத்திலேயே வீட்டுக்குள் இருந்தாள்.

சாவியைத் திருப்பினான். டிக் என்றுகூடச் சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது. கண்ணெதிரில் படுத்த வண்டியின் கோளாறைத்தான் பிடிக்க முடியும். டார்ச்சோடு வேனுக்கு அடியில் நுழைந்தான்.

கோளாறு பின் சீட்டுக்கு நேர் கீழே இருந்தது. வேனின் துருப்பிடித்த தரைத் தகட்டிலிருந்து பேட்டரியின் எர்த் வயர் கழன்று, இரண்டுக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி. வெளியே வந்து ஸ்டெப்னி டயரைச் சீட்டில் ஏற்றினான். தகடு அமுங்கி வயரைத் தொட்டது, வேன் கிளம்பியது. டயரை இறக்கினான், செத்துப்போனது. ஐந்து முறை பார்த்தான், ஐந்து முறையும் அதேதான். பின் சீட்டில் பாரம் இருந்தால் கிளம்பும், இல்லாவிட்டால் கிளம்பாது. இவ்வளவுதானா!

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வயரை முடுக்க மறுபடி அடியில் படுத்தபடியே மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"புடிச்சுட்டேன். பாப்பா பின்னாடி உக்காந்தாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகுது."

"என்ன உளர்றீங்க? அவ பின்னாடி உக்காந்தே ஒரு மாசமாச்சு. அங்க இடமில்லன்னு அடம் புடிச்சு முன்னாடிதான் ஏறுறா."

"வேற மூட்டை ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. பின் சீட்டு காலியாத்தான் கெடக்கும். ஏங்க?"

இந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை அவன் தனியாக இந்த வேனை ஓட்டியிருக்கிறான். எத்தனை முறை முதல் திருப்பிலேயே கிளம்பியிருக்கிறது. அத்தனை முறையும் பின்னால், அவன் பிடரிக்குப் பின்னால், பாரம் இருந்திருக்கிறது.

ஃபோன் கையிலிருந்து நழுவியது. தகரக் கூரையில் மழை இரைந்தது. கிரீஸ் வாடையோடு, காயாத தலைமுடியின் புழுங்கல் வாடையும் இப்போது மூக்கில் ஏறியது. தலைக்கு மேலே சீட்டின் ஸ்பிரிங் முனகியது. தகடு மெல்ல இறங்கியது. இன்னும் இறங்கியது. வயரைத் தொட்டது. ஒரு சின்னப் பொறி.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

"யாரு?"

வெளியே நகர்ந்துவிட வேண்டும் என்று நினைத்தான். கால் வரவில்லை. அப்போது ஷெட் வாசலில் இரண்டு சின்னப் பாதங்கள். மகளின் சிவப்புச் செருப்பு.

"அப்பா, தனியா இருக்க பயமா இருக்கு. நான் வேன்ல உக்காந்துக்கவா?"

வேண்டாம் என்று கத்தினான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

கதவு நகரும் சத்தம்.

"அப்பா, இன்னிக்கு எனக்கு இடம் விட்டு, தள்ளி உக்காந்திருக்குப்பா."

பாதங்கள் மேலே ஏறின. கதவு சாத்திக்கொண்டது. தகடு இன்னும் கொஞ்சம் அமுங்கியது. மேலே மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

முதல் திருப்பிலேயே வேன் கிளம்பியது.

சாவி அவன் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி, சில்லென்று கிடந்தது.